பசைக்காரர் கலந்த தண்ணீர்

துணியில் பூவும் கொடியும் அச்சடிக்கும் அந்த ஆலையில் அவருக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். வருகைப் பதிவேட்டில் அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். வாட்ச்மேன் தொடங்கி மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் பசைக்காரர்தான்.

சாயத்தை அப்படியே துணியில் வைத்தால் அது நின்ற இடத்தில் நிற்காது. ரோஜாவின் சிவப்பு இலையின் பச்சைக்குள் ஓடி, பூவும் தெரியாமல் இலையும் தெரியாமல் போய்விடும். அதை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் பசையின் வேலை. ஆலைக்கு அந்தப் பசை கடற்பாசியிலிருந்து வந்தது. பாசியைக் காய்ச்சி வடித்து எடுத்த பொடி, பழுப்பு நிறத்தில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூக்கை வைத்து மோந்தால் லேசாகக் கடல் வாடை அடிக்கும். பெரிய பீப்பாயில் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது, சல்லடையில் அந்தப் பொடியை அள்ளி, மழைத் தூறல் போல மேலிருந்து தூவ வேண்டும். பொறுமையில்லாமல் கொட்டினால் போச்சு. ஒவ்வொரு கட்டியும் வெளியே வழவழவென்றும் உள்ளே உலர்ந்த மாவாகவும் மிதக்கும். பிறகு தலைகீழாக நின்றாலும் கரையாது.

தூவி முடித்ததும் ஊற விடுவார். ஊறியபின் மரத்துடுப்பைத் தூக்கிப் பிடிப்பார். பசை அறுந்து சொட்டாமல் ஒரே நூலாக இறங்கி, விழுந்த இடத்தில் மடிப்பு மடிப்பாக உட்கார்ந்து, மெல்ல மறைந்தால் பதம் சரி. பதத்தை அளக்க ஆலைக்கு ஒரு இயந்திரம் வந்தபோது, அது சொல்லப்போகும் எண்ணை இவர் துடுப்பைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் அந்த இயந்திரத்தின் மேல் யாரோ டீ டம்ளர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு தடவை பசை மூன்று நாள் தொடர்ந்து ஜெல்லியாக உறைந்துபோய், அச்சு ஓடாமல் நின்றது. பொடியில்தான் கோளாறு என்று இன்ஜினியர், சப்ளை செய்தவர்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். பசைக்காரர் தான் குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, அதே பொடியைத் தூவிக் காட்டினார். பசை பட்டுப்போல இறங்கியது. ஆலைக்குப் புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதைக் கண்டால் இந்தப் பொடி கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினியர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பசைக்காரர் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

வெளியில் இவ்வளவு மதிப்பு இருந்தும், ஒரு ஆளிடம் மட்டும் அவர் வேலை எடுபடவில்லை. அது அவருடைய மாமியார்.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். கணீரென்ற குரல். அவர் "ஹலோ" என்றால் எதிர்முனையில் இருப்பவர் தானாக நிமிர்ந்து உட்காருவார் என்று அவருடைய மகள், அதாவது பசைக்காரரின் மனைவி, சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் பேசியவர்கள், மாப்பிள்ளை ரசாயனப் பிரிவில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போன மாமியார், மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆலைக்குள் நுழைந்தார். முழங்கை வரை பசையோடு, பீப்பாய்க்குள் குனிந்து நின்றவரைப் பார்த்தார். வந்த வழியே திரும்பினார். வீட்டுக்குப் போனபின் மகளிடம் மட்டும் ஒரே வாக்கியம் சொன்னார்: "கெமிக்கல் டிபார்ட்மென்ட்னாங்க, அங்க பசை கிண்டிட்டு நிக்கறார்."

அந்த வாக்கியம் பசைக்காரரின் காதுக்கும் வந்தது. இருபத்திரண்டு வருடமாக அது அங்கேயே இருந்தது. முகத்துக்கு நேராக மாமியார் மரியாதை குறைத்ததே இல்லை. "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்பதோடு சரி. மற்றதெல்லாம் மகள் வழியாகத்தான் போய் வரும். தம்பதிக்குக் குழந்தை இல்லாமல் போனதுகூட அந்தப் பொடிக் காற்றினால்தான் என்று மாமியார் நினைத்தார். டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பசைக்காரரும் எதிர்த்துப் பேசியதில்லை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் சுபாவம் அவருக்கு இல்லை.

மாமியார் இரண்டு தெரு தள்ளி, தன் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரு நாள் காலை பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்ல, அவர்கள் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தார்கள். மாமியார் சமையலறைத் தரையில் கிடந்தார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதிதான் திரும்பின. கணீர் குரல், ஈரத்துணி சுற்றியது போல ஆகிவிட்டது. எல்லாவற்றையும் விட, விழுங்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் இருமி இருமி முகம் நீலம் பாய்ந்தது.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவள் மகளையும் மருமகனையும் உட்கார வைத்து விளக்கினாள். தண்ணீர் வேகமாக ஓடும். தொண்டையில் மூச்சுக்குழாயை மூடும் மூடி இப்போது மெதுவாகத்தான் மூடுகிறது. அது மூடுவதற்குள் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடுகிறது. அதனால் எதைக் குடித்தாலும் கெட்டியாக்கித்தான் குடிக்க வேண்டும். நிதானமாக இறங்கினால் மூடி மூட நேரம் கிடைக்கும். மேசையில் ஒரு டப்பாவை வைத்து, இந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்றாள்.

பசைக்காரர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். சிறிய எழுத்தில் நாலைந்து பெயர்கள். நடுவில் ஒன்றைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. இருபத்தாறு வருடமாக மூட்டைகளின் மேல் அவர் படித்துவரும் பெயர்.

"இது கடற்பாசிப் பொடிதானேம்மா?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னார். அவள் உடனே கையை உயர்த்தினாள். ஆலைப் பொடியை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அது உணவுக்காகச் சுத்தம் செய்ததில்லை என்றாள். "அது எனக்குத் தெரியும்மா, அங்க அதோட என்னென்ன சேருதுன்னும் தெரியும்" என்றார் அவர். அவளுக்கு நிம்மதியானது. ஊசி இல்லாத ஒரு ஊசிக்குழாயை எடுத்து, பதம் பார்க்கும் விதத்தைக் காட்டினாள். பத்து மில்லி ஊற்றி, அடியில் அடைத்த விரலை எடுத்து, பத்து விநாடி ஓடவிட வேண்டும். குழாயில் நாலிலிருந்து எட்டு மில்லி வரை மிஞ்சியிருந்தால் பதம் சரி. பசைக்காரர் அந்தக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு, திருவிழாவில் பொம்மை கிடைத்தவர் போல உட்கார்ந்திருந்ததாக அவர் மனைவி பிற்பாடு சொன்னாள்.

மாமியாருக்குத் தங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை; காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். பசைக்காரருக்கு மூன்று மணி ஷிப்ட். ஆக, காலை நேரம் முழுவதும் மாமியாரும் மருமகனும்தான். இருபத்திரண்டு வருடமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்ளாத இரண்டு பேர்.

முதல் நாள் காலை, கிளம்பும் அவசரத்தில் மனைவிதான் கலக்கினாள். டம்ளரில் தண்ணீரை ஊற்றி, இரண்டு கரண்டிப் பொடியைக் கொட்டி, கடகடவென்று கலக்கி வைத்துவிட்டு ஓடினாள். கட்டி கட்டியாக மிதந்தது. பசைக்காரர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயருகே கொண்டுபோனதும் மாமியார் வாங்கிக்கொண்டார். அடுத்த நொடி துண்டில் துப்பிவிட்டார். வாய் கோணினாலும் அவர் சொன்ன சொல் தெளிவாகவே விழுந்தது.

"பசை."

அதன்பின் வாயைத் திறக்கவில்லை. மதியம் மகள் வந்து கெஞ்சியதும் ஏதோ நாலு ஸ்பூன் போனது. மறுநாள் பசைக்காரரே கலக்கினார். ஒரு கிண்ணத்தில் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே டீ வடிகட்டியில் பொடியைத் தட்டித் தட்டித் தூவி, ஊறவிட்டு, குழாயில் ஓடவிட்டுப் பார்த்து, கண்ணாடி மாதிரி கொண்டுவந்தார். மாமியார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாளும் அதே கதை. நாக்கு வறண்டு வெடித்திருந்தது. மனைவி கையைப் பிசைந்துகொண்டு, திரும்ப ஆஸ்பத்திரிக்கே போய் ட்ரிப் ஏற்றலாமா என்றாள்.

நாலாம் நாள் பசைக்காரர் ஒரு வேலை செய்தார். மூன்று டம்ளரில் மூன்று பதமாகக் கலந்து ட்ரேயில் வைத்துக் கட்டிலருகே கொண்டுபோனார். ஊட்டப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆலையில் ஒவ்வொரு பீப்பாய்க்கும் சோதனை ஆள் ஒருவர் உண்டு, அவர் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் அச்சுக்குப் போகாது என்று, யாருக்கோ சொல்வது போல ஆரம்பித்தார்.

"அத்தை, இங்க சோதனைக்கு ஆள் இல்ல. நான் கலக்கறது சரியா தப்பான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் பார்த்துட்டுச் சொல்லுங்க. தண்ணியா இருந்தா ஒரு விரல். கெட்டியா இருந்தா ரெண்டு விரல். கட்டி தட்டியிருந்தா துப்பிடுங்க."

மூன்றுமே குடிக்கக்கூடிய பதத்துக்குள்தான் இருந்தன. நாலு மில்லி, ஆறு, எட்டு என்று அளந்தே கொண்டுவந்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை.

மாமியார் மூன்று டம்ளரையும் பார்த்தார். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே மேற்பார்வையாளர் ஆனவர். மருமகனிடம் மட்டும் இருபத்திரண்டு வருடமாக அந்தத் திறமையைக் காட்ட முறையான வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். மெதுவாக வாயைத் திறந்தார். முதல் டம்ளருக்கு ஒரு விரல். மூன்றாவதுக்கு இரண்டு விரல். நடுவில் இருந்ததையும் விடவில்லை. கொஞ்சம் யோசித்து, அதற்கும் இரண்டு விரல் காட்டினார்.

பசைக்காரர் தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், புதிதாகக் கலந்து வந்தார். அதற்கும் இரண்டு விரல். மறுபடி கலந்து வந்தார். மாமியார் கண்ணில் பழைய மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். பதினோரு மணிக்குள் ஏழு டம்ளர் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் நிராகரிக்க இரண்டு மூன்று ஸ்பூன் உள்ளே போக வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு மனைவி வந்தபோது, ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் அம்மாவின் வயிற்றுக்குள் போயிருந்தது. "எப்படிங்க?" என்று அவள் சமையலறையில் கிசுகிசுத்தாள். அத்தை சோதனைப் பிரிவில் சேர்ந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

இரண்டு வாரத்தில் மாமியாரின் நாக்கு உண்மையிலேயே கூர்மையாகிவிட்டது. ஐந்து மில்லிக்கும் ஆறு மில்லிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னார். பசைக்காரர் குழாயில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னதுதான் சரி அத்தை" என்பார். சில நாள் அவர் சொன்னது தப்பாகவும் இருக்கும். அன்றைக்கும் அதையேதான் சொல்வார்.

பிறகு மாமியார் காபி கேட்டார். அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அரை நிமிடம் ஆனது. பசைக்காரர் பாலைக் காய்ச்சிக் காபி போட்டு, கெட்டியாக்கும் பொடியை வழக்கமான அளவில் தூவி வைத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் உறைந்து நின்றது. மாமியார் அதை ஸ்பூனால் குத்திப் பார்த்தார். விரல்கூடக் காட்டவில்லை. பசைக்காரருக்கு ஆலையின் போர்வெல் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. பாலில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்துதானே. பொடியைப் பாதியாகக் குறைத்து, பாலையும் குறைத்து, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் காத்திருந்து அளந்தார். நாலு காபி சாக்கடைக்குப் போனது. ஐந்தாவது, ஆறு மில்லியில் நின்றது. பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்ட பிறகுதான் கொடுத்தார். அவள் எதற்கும் இருக்கட்டும் என்று நேரிலேயே வந்து, தன் கையால் ஓடவிட்டுப் பார்த்து, அந்த அளவைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனாள்.

மாமியார் காபியை ஒரு விரலும் காட்டாமல் குடித்து முடித்தார்.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் மகன் வெளியூரிலிருந்து வந்தான். அம்மாமேல் உயிரையே வைத்திருப்பவன். பசைக்காரர் பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் மகனைப் பார்த்து, சமையலறைக் குழாய்ப் பக்கம் இடது கையை நீட்டினார். இரண்டு மாதமாக அவர் தொண்டையில் வெறும் தண்ணீர் பட்டதில்லை. அவன் ஒரு டம்ளர் நிறையப் பிடித்து வந்து கொடுத்தான். பசைக்காரர் வாசலுக்கு வரும்போதே இருமல் தெருவில் கேட்டது.

மச்சினன் வெளிறிப்போய் நின்றான். "அம்மா கேட்டாங்க மாமா. பார்க்கவே பாவமா இருந்துச்சு."

பசைக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அதைக் காட்டவில்லை. மாமியாரை முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, இருமல் அடங்கும்வரை முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் மாமியாரை அப்படித் தாங்கிப் பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இருமல் நின்றபின், கேட்டால் யாருக்கும் கொடுக்கத்தான் தோன்றும் என்று மச்சினனிடம் சொன்னார். அதை அவர் மனதாரச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாலு நாள் மூக்கில் குழாய். ஐந்தாம் நாள் வாய்வழியாகக் கொடுக்கலாம் என்றார்கள். வார்டு நர்ஸுக்கு முப்பது படுக்கை. டம்ளரில் பொடியைப் போட்டு ஸ்பூனால் இரண்டு சுற்றுச் சுற்றி நீட்டினாள். மாமியார் ஒரு ஸ்பூன் வாங்கினார். இடது கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டினார். நர்ஸுக்குப் புரியவில்லை. அடுத்த ஸ்பூனைத் துப்பிவிட்டு, மாமியார் வாயைக் குவித்துக் குவித்து ஒரு சொல்லைச் சொன்னார்.

"மாப்பிள்ளை."

கடைசியாக மாப்பிள்ளையைப் பார்க்க ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று நர்ஸ் பயந்து மகளுக்குப் போன் செய்தாள். மகள் அதைவிடப் பயந்து ஆலைக்குப் போன் செய்தாள். பசைக்காரர் பீப்பாயை அப்படியே அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்கையில் நீலச் சாயத்தோடு ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். கட்டிலருகே போனால் மாமியார் நல்லபடியாக, கொஞ்சம் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். டம்ளரைக் கண்ணால் காட்டினார். பசைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டிகள் மீன் கண் போல மிதந்தன.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்து, கட்டிலடிப் பையில் இருந்த டீ வடிகட்டியை எடுத்து, நர்ஸிடம் அனுமதி கேட்டுக் கலக்க ஆரம்பித்தார். பக்கத்துப் படுக்கை அம்மாள், அவர் கூட வந்திருந்த பெண், எதிர்ப்படுக்கைக்காரரின் சம்சாரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் முழங்கையில் சாயமும் கையில் டீ வடிகட்டியுமாக நிற்பதை அந்த வார்டு பார்த்திருக்காது. முதல் ஸ்பூன் போனது. இரண்டாவது போனது. மாமியார் விரல் எதையும் தூக்கவில்லை. பிறகு பக்கத்துப் படுக்கை அம்மாளைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்தார்.

"இவர் கலக்கினா... கட்டி தட்டாது."

பசைக்காரர் அதைக் கேட்டுத் தலைநிமிரவில்லை. டம்ளர் காலியானதும், ஸ்பூனைக் கழுவ வராந்தாக் குழாய்க்குப் போனார். ஒரு ஸ்பூனைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. அதற்குள் வந்து சேர்ந்த மனைவி அவரைத் தேடிக்கொண்டு போனபோது, குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார். "என்னங்க?" என்றாள். நர்ஸுக்கு அந்த வடிகட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபின் மாமியார் பயிற்சியில் முழு மூச்சாக இறங்கினார். நாக்கை நீட்டி மடக்குவது, மூச்சைப் பிடித்து விழுங்குவது, முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குடிப்பது எல்லாவற்றையும் ஜன்னலோரக் கட்டிலில் எண்ணி எண்ணிச் செய்தார். பொடியின் அளவு மாதத்துக்கு மாதம் குறைந்தது. ஐந்தாம் மாதம், வெள்ளையாக எதையோ குடிக்க வைத்து எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தொண்டை மூடி நேரத்துக்கு மூடியது. பயிற்சிப் பெண் ஒரு சிறிய கோப்பையில் வெறும் தண்ணீரை நீட்டினாள். மாமியார் முகவாயை இறக்கி, ஒரு மிடறு விழுங்கினார். இருமவில்லை. இன்னொரு மிடறு. மகள் அழுதுவிட்டாள். மாமியார் கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, ஆஸ்பத்திரித் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று குறைசொன்னார்.

அடுத்த மாதமே தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கைத்தடியை ஊன்றி நடக்க முடிந்தது. சமையலுக்கு ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தார்கள். போகும்போது வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க மாப்பிள்ளை" என்றார். இதுவரை மகளிடம் சொல்லித்தான் கூப்பிடுவார். இந்தத் தடவை நேராகச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம். பசைக்காரருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பயிற்சிப் பெண் அவரை விடவில்லை. அவளிடம் புதிதாக வந்திருக்கும் ஒருவரின் கணவர், பொறுமை இல்லாத மனிதர், எப்படிச் சொல்லியும் கட்டி தட்டிக்கொண்டே இருக்கிறார், ஒரு நாள் வந்து காட்டித்தர முடியுமா என்று போன் செய்தாள். போனார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இப்போது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரியின் சின்ன அறை ஒன்றில், நாலைந்து மகன்களும் மருமகள்களும் கணவர்களும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தடவை எல்லோரும் கொட்டத்தான் செய்கிறார்கள். பசைக்காரர் யாரையும் திட்டுவதில்லை. கிண்ணத்தை வாங்கிக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, அவர்கள் கையிலேயே திரும்பக் கொடுக்கிறார். பன்னிரண்டரைக்கு முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி ஷிப்டுக்குப் போய்விடுகிறார்.